மேடைக்கு முதுகு காட்டி

பத்தொன்பது வருஷமாகப் பெரிய ராக் கச்சேரிகளில் எல்லாருக்கும் முன்னால் நின்றவள் அவள். ஆனால் ஒரு பாடகனின் முகத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. நின்ற இடம் அப்படி. மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் மார்பளவு உயரத்துக்கு இரும்புத் தடுப்பு போடுவார்கள். அதன் உள்பக்கம் இரண்டு பேர் ஒதுங்கி நடக்கும் அளவுக்கு ஒரு சந்து. தடுப்போடு சேர்ந்தாற்போல ஏறி நிற்க ஒரு படி. அந்தப் படியில் ஏறி, மேடைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தின் முகத்தைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் நிற்பதுதான் வேலை. பாட்டு வந்து முதுகில் மோதும், விலா எலும்பு அதிரும், திரும்பக் கூடாது.

"கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் முறைக்கிறதைப் பாரு! அசல் டீச்சர்" என்று பக்கத்துப் படியில் நிற்கும் நெட்டை ஒருநாள் சொல்லப்போக, டீச்சர் என்றே நிலைத்துவிட்டது. எட்டாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டியவளுக்கு வந்த பட்டம் அது. நெட்டைக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்டதில்லை. பார்த்தாலே தெரியும்.

யாரும் அவளுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. நின்று நின்று கற்றதுதான். தண்ணீர் தண்ணீர் என்று கத்துகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. கேட்காமல், உதடு வெளுத்து, மூக்கு நுனி வியர்வையைத் துடைக்கக்கூடக் கையை உருவ முடியாமல் நிற்கிறாளே, அவளைத்தான் முதலில் தூக்க வேண்டும். இவள் அக்குளில் கை கொடுப்பாள், நெட்டை முழங்காலுக்குக் கீழே பிடிப்பான். ஒரே மூச்சில் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்துவிடும். வந்தவுடன் அந்தப் பெண் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும், "என் செருப்பு!" என்பதாக இருக்கும். செருப்பு வராது. அது கூட்டத்துக்குச் செய்த காணிக்கை.

பாட்டையும் அவள் முகத்தில்தான் கேட்டாள். எல்லார் வாயும் ஒன்றாகத் திறந்து மூடினால் பழைய பாட்டு. பாதிப் பேர் கைப்பேசியைப் பார்த்தால் புதுப் பாட்டு. ஆண்பிள்ளைகள் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தால் அது காதலி போன பாட்டு. "இதுல நடு வரிசை ஆடும், முதல் வரிசை நசுங்கும்" என்று பாட்டு தொடங்கி நாலு வாயசைப்புக்குள் சொல்லிவிடுவாள். வேறு எந்தக் காரியத்திலும் அவள் பெரிய கெட்டிக்காரி இல்லை. சமையல் சுமார், கணக்கு வராது, வண்டி ஓட்டினால் சுவரில்தான் நிற்கும். இந்த ஒன்றில் மட்டும் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அது அவளுக்குத் தெரியும். சொல்லிக்கொண்டதில்லை.

படியில் நிற்பவர்களுக்கு ஒரே ஒரு பெரிய அதிகாரம் உண்டு. இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்துப் பிடித்தால், பாட்டை நிறுத்து என்று அர்த்தம். மேடை ஓரத்தில் நிற்கும் மேடை மேனேஜர் பத்து எண்ணுவார். அதற்குள் சூப்பர்வைசர் வாக்கியில், அதாவது இடுப்பில் மாட்டிய வாக்கி டாக்கியில், கூப்பிட்டு, வேண்டாம், இறக்கு என்றால் கையை இறக்கிவிட வேண்டும். பத்து எண்ணி முடிந்தும் கை இறங்கவில்லை என்றால் ஒலியை அணைத்து, மைதான விளக்கையும் போட்டுவிடுவார்கள். பாடுகிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி.

பத்தொன்பது வருஷத்தில் டீச்சர் மூன்று முறை கையைத் தூக்கியிருந்தாள். மூன்றும் சரியாக இருந்தன. நாலாவது, போன சனிக்கிழமை.

அன்று வந்திருந்த குழுவுக்கு ஒரு வழக்கம். கடைசிக்கு முந்தைய பாட்டின் நடுவில் பாடகன், "எல்லாரும் உக்காருங்க" என்பான். மைதானமே குந்தும். இசை மெல்ல மெல்ல அடங்கி, ஒரு நொடி நின்று, பிறகு வெடிக்கும்போது அத்தனை பேரும் எம்பிக் குதிப்பார்கள். அதற்காகவே ஊர் ஊராக வருகிறவர்கள் உண்டு. சூப்பர்வைசரும் வாக்கியில், "உக்காரப் போறாங்க, யாரும் பதறாதீங்க" என்று சொல்லியிருந்தார். டீச்சர் இந்தக் குழுவுக்கு நின்று நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. பாடகன் சொன்னதும் அவளுக்குக் கேட்கவில்லை, வாக்கியில் வந்ததும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கண்ணெதிரே ஆயிரக்கணக்கான தலைகள் ஒரே சமயத்தில் கீழே போயின. கையைக் குறுக்காகத் தூக்கிவிட்டாள்.

விளக்கு எரிந்தது. குந்தியிருந்த ஐம்பதாயிரம் பேர், இலை போட்டும் சோறு வராத பந்தி மாதிரி நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு கூச்சல். ஒரு தண்ணீர்ப் பாட்டில் அவள் தோளில் விழுந்தது. மறுபடி பாட்டைத் தொடங்கப் பதினோரு நிமிஷம் ஆயிற்று. குதிக்கிற மூடு போய்விட்டது.

சூப்பர்வைசருக்கு ஆட்கள் வைத்த பெயர் விசில். வாக்கி வராத காலத்தில் விசிலோடு அலைந்தவர். சனிக்கிழமை கூட்டம் கலைந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், ஊரே உக்காந்துச்சு. உங்களுக்கு மட்டும் சொல்லலையா?"

"வாக்கி விட்டு விட்டுக் கேட்டுச்சு சார்."

"சரி, நாளைக்குப் புதுசு தர்றேன். ஆனா ஒண்ணு. இன்னொரு தடவை தப்பாக் கை தூக்கினீங்கன்னா என்னால காப்பாத்த முடியாது. வண்டி நிறுத்துற இடத்துக்குத்தான் அனுப்புவாங்க."

வண்டி நிறுத்தும் இடம் என்பது அந்தத் தொழிலில் உயிரோடு புதைப்பது. ஒரு டார்ச், ஒரு கயிறு, நாலு மணி நேரம் காருக்குக் கையாட்ட வேண்டும்.

மறுநாள் காலையில் டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்டிலும் ஏறி நின்று இரண்டு மாடி போய்வந்தாலே, எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட ஆளுக்கு இப்படி ஒரு மனைவி. அவர் அவளுக்கு வலப்பக்கமாக நின்று ஏதோ சொன்னார். அவள், "ம்" என்றாள்.

"என்ன ம்? என்ன சொன்னேன் சொல்லு பாப்போம்."

அவள் இன்னும் கொஞ்சம் தைலம் எடுத்துத் தேய்த்தாள்.

"பால் பொங்கி அடுப்பே அணைஞ்சு போச்சுன்னு சொன்னேன். அதுக்கு ஒரு 'ம்'! ராத்திரி நீ வெக்கிற டிவி சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரன் தன் டிவியை வித்துட்டான்னு கேள்வி. இங்கேயே எல்லாச் செய்தியும் கிடைக்குதாம்."

"காலங்காத்தால உங்க வாய் ஆரம்பிச்சாச்சா."

"சிரிக்கிறதுக்குச் சொல்லல. அந்த வலது காது போச்சு. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஒழுங்கா ஒரு டெஸ்ட் எடு."

"வருஷா வருஷம் கம்பெனியில எடுக்குறேன். பாஸ்தான்."

பாஸ் ஆனது எப்படி என்று அவரிடம் அவள் சொன்னதில்லை. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கருவியைத் திருப்புகிற அம்மாவுக்கு ஒரு பழக்கம். சத்தம் அனுப்பும்போது கண்ணை ஒருதரம் தாழ்த்துவாள். ஐம்பதாயிரம் முகத்தைப் படிக்கிறவளுக்கு ஒரு முகம் எம்மாத்திரம்? மூன்று வருஷமாக அப்படித்தான் தேறினாள்.

அதே குழுவின் இரண்டாவது கச்சேரி அந்த ஞாயிறு பிற்பகல், அதே திறந்த மைதானத்தில். வெயில் கூட்டத்தின் முகத்தில் நேராக அடித்தது. கதவைத் திறந்ததும் முதல் ஆளாக ஓடிவந்து, அவள் படிக்கு நேர் எதிரே தடுப்பைக் கட்டிக்கொண்டவர் தொப்பிக்காரர். தபால் அலுவலகத்தில் வேலை. வயது ஐம்பத்திரண்டு. இந்தக் குழு எங்கே பாடினாலும் விடியற்காலையிலேயே வந்து வரிசையில் உட்கார்ந்துவிடுவார். வரிசையில் வருகிறவர்களுக்கெல்லாம் புறங்கையில் பேனாவால் நம்பர் எழுதுவார். யாராவது நடுவில் நுழைந்தால் தபாலில் முத்திரை குத்துகிற வேகத்தில் திட்டுவார். அவளைவிட நாலு வயது மூத்தவர். ஆனாலும் அவள் அவருக்கு அக்கா, அவர் அவளுக்கு அண்ணன்.

"என்னக்கா, நேத்து எங்களை எல்லாம் முட்டி போட வெச்சுட்டு விளக்கைப் போட்டுட்டீங்க? இருபது வருஷத்துல முதல் தடவையா குதிக்காம வீட்டுக்குப் போனேன். என் சம்சாரம் கேக்குறா, யாராவது செத்துட்டாங்களான்னு."

"நீங்களும் ஆரம்பிக்காதீங்கண்ணே."

"இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன். உக்காருன்னு அவன் தொண்டை கிழியக் கத்தினானே, கேக்கலையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் தடுப்பின் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதுபோல் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அண்ணே, எனக்கு ஒரு உதவி. இன்னைக்கு அவன் உக்காரச் சொன்னதும் நீங்க தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கோங்க. நான் பாத்துக்குவேன்."

தொப்பிக்காரர் ஒரு நிமிஷம் அவளை உற்றுப் பார்த்தார். வாயில் வந்த கிண்டலை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"அவ்வளவுதானே. வெச்சுட்டாப் போச்சு."

விசில் புது வாக்கியோடு வந்தார். இடுப்பில் மாட்டி, கம்பியை வலது தோள் வழியாக ஏற்றி, வலது காதில் அவரே செருகிவிட்டார். எல்லாருக்கும் அப்படித்தான், வலது பக்கம். இடது காதில் காதடைப்பான். "கேக்குதா?" என்று தள்ளி நின்று வாக்கியில் பேசிப் பார்த்தார். அவர் உதடு தெளிவாகத் தெரிந்தது. "நல்லாக் கேக்குது சார்" என்றாள்.

மூன்றரைக்குத் தொடங்கியது. முதல் அரைமணியில் ஒன்பது பேரைத் தூக்கினார்கள். தலைக்கு மேல் மிதந்து வந்த ஒரு தடியன் பூட்ஸ் காலோடு நெட்டையின் தாடையில் இறங்கி, "மன்னிச்சிருங்க தலைவா" என்று அவன் கன்னத்தில் முத்தமும் கொடுத்துவிட்டுப் போனான். "எனக்கு வாய்ச்ச காதல் பூட்ஸ் போட்டுத்தான் வருது" என்று நெட்டை முகத்தைத் துடைத்துக்கொண்டான். டீச்சர் காகிதக் குவளையில் தண்ணீர் நீட்டி நீட்டித் தோள் மரத்துப்போனாள். எத்தனை மணி என்று பார்க்கவில்லை. பார்த்தால் இன்னும் வலிக்கும்.

ஐந்தேகால் வாக்கில் தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார்.

தலைகள் கீழே போயின. முந்தின நாள் போலவே, அலை பின்வாங்கிய கடற்கரை மாதிரி மைதானம் தாழ்ந்தது. டீச்சர் கையை இரும்பில் அழுத்தி வைத்துக்கொண்டாள். பயமில்லை, வழக்கம்தான், தொப்பி சொல்லிவிட்டது. முதுகில் மோதிக்கொண்டிருந்த இசை மெலிந்து, நின்றது. பிறகு விலா அதிர்ந்தது. அத்தனை பேரும் எம்பினார்கள்.

எல்லாரும் எழவில்லை.

இடது பக்கம், பதினைந்து வரிசை உள்ளே, பல் விழுந்த ஈறு மாதிரி ஒரு பள்ளம். குதித்து இறங்கியவர்கள் அதன் விளிம்பில் தடுமாறினார்கள். யாரோ கால் கொலுசு தேடுகிறார்களோ, கைப்பேசி விழுந்துவிட்டதோ. இருக்கலாம். இன்னும் எழாமல் சிலர் விளையாட்டுக்குக் குந்தியிருக்கலாம். அவள் பள்ளத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பார்த்தாள். மைதானம் முழுக்க எல்லா வாயும் ஒரே சொல்லுக்குத் திறந்து ஒரே சொல்லுக்கு மூடின. அந்த விளிம்பில் மட்டும் நாலு வாய் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தன. நாலு முகமும் மேடையைப் பார்க்கவில்லை, காலடியைப் பார்த்தன. பின்னாலிருந்து கூட்டம் குதித்துக் குதித்து அவர்கள் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது.

வண்டி நிறுத்தும் இடம் ஒருதரம் கண்ணில் வந்து போனது. டார்ச், கயிறு. கையைக் குறுக்காகத் தூக்கினாள்.

தொப்பிக்காரர் தலையை ஆட்டினார், "இல்லக்கா, இது வழக்கம்தான், சொன்னேன்ல" என்பதுபோல. அவள் அவரைப் பார்க்கவில்லை. பள்ளத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தோள் எரிந்தது. பத்து எண்ணும் நேரம் அவ்வளவு நீளம் என்பது, கையைத் தூக்கிப் பிடித்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதுகில் மோதிக்கொண்டிருந்தது சட்டென்று இல்லாமல் போனது. விளக்கு எரிந்தது. முதலில் கூச்சல். பிறகு அந்த நாலு பேரின் குரல் எல்லாருக்கும் கேட்டிருக்க வேண்டும், முகங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் திரும்பின. பாடகன் பின்னால் போகச் சொல்லியிருப்பான் போல. கூட்டம் ஓரடி ஓரடியாக விலகிற்று.

தடுப்பில் ஒரு கதவு உண்டு. நெட்டை அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஒருவர்மேல் ஒருவராக ஆறு பேர் கிடந்தார்கள். குந்தியிருந்தவர்களில் ஒரு பெண்ணுக்குக் கால் மரத்து, எழும்போது சாய்ந்திருக்கிறாள். அவள்மேல் மற்றவர்கள். அடியில் கிடந்த அந்தப் பெண்ணின் முகம் நீலம் பாரித்திருந்தது. தூக்கி வந்து சந்தில் கிடத்தினார்கள். முதலுதவிக்காரர்கள் குனிந்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் பெரிதாக ஒரு மூச்சை இழுத்து, இருமி, கண்ணைத் திறந்து, "என் செருப்பு" என்றாள். நெட்டை ஓவென்று அழுதுவிட்டான்.

கடைசி ஆளையும் கொண்டுவந்தபின் டீச்சர் கதவை இழுத்துத் தாழ்ப்பாளைப் போட்டாள். அது சரியாக விழவில்லை. இன்னும் அழுத்தினாள். யாரோ அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். திரும்பினால், அவளுக்கு வலப்பக்கம் நெட்டை வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தான். அவன் விரல்கள் தாழ்ப்பாளுக்குள் இருந்தன.

அரைமணி கழித்து இசை மறுபடி தொடங்கியது. டீச்சரை ஓய்வெடுக்கச் சொல்லி மேடைக்குப் பின்னால் அனுப்பிவிட்டார்கள். கேபிள் சுற்றிய பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தாள். எதிரே நெட்டை, இரண்டு விரலில் கட்டோடு.

"என்ன டீச்சர், என் விரலை ஞாபகார்த்தமா வெச்சுக்கலாம்னு பாத்தீங்களா?"

"கத்தினியா?"

"கத்தினேனாவா? நிறுத்து நிறுத்துன்னு அஞ்சு தடவை. பாட்டுகூட இல்ல அப்ப. பரவால்ல விடுங்க, பதட்டத்துல யாருக்கும் எதுவும் கேக்காது. நீங்க இன்னைக்குச் செஞ்சதுக்கு இன்னும் ரெண்டு விரல் தரலாம். விசிலையே மதிக்காம நின்னீங்களே! எல்லாரும் அதைத்தான் பேசுறாங்க."

"எதை மதிக்கல?"

அப்போது விசில் வந்தார். தலையைத் தடவிக்கொண்டே வந்து, அவளுக்கு எதிரே நின்றார். முகம் வாடியிருந்தது.

"டீச்சர், நாலு தடவை இறக்குங்க இறக்குங்கன்னு சொன்னேன். கெட்ட வார்த்தைகூடச் சொல்லிட்டேன். நீங்க மலை மாதிரி நின்னீங்க. நான் சொன்னதைக் கேட்டு நீங்க இறக்கியிருந்தா…" சந்துப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பொண்ணுக்கு இருபத்தாறு வயசாம். நான் மேலிடத்துல சொல்லிட்டேன். இனிமே நடுப்படி உங்களுக்குத்தான். நீங்க இருக்குற வரைக்கும்."

நடுப்படி என்றால் மைதானத்துக்கே மூத்த படி. டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தலையை ஆட்டினால் போதும். நெட்டை நல்ல கையால் தன் தொடையில் தட்டினான். கட்டுப்போட்ட கை மடியில் கிடந்தது. கட்டைத் தாண்டி ரத்தம் ஒரு பொட்டு மாதிரி கசிந்திருந்தது.

"சார், நான் உங்களை மதிக்காம நிக்கல" என்றாள். "நீங்க சொன்னது கேக்கல."

"புது வாக்கியாச்சே?"

"வாக்கி நல்லாத்தான் இருக்கு. இந்தக் காதுதான் இல்ல. மூணு வருஷமாச்சு."

விசில் நம்பாமல் பார்த்தார். "வருஷா வருஷம் டெஸ்ட்ல பாஸ் ஆகுறீங்களே?"

"சத்தம் அனுப்பும்போது அந்தம்மா கண்ணைத் தாழ்த்துவாங்க. அதைப் பாத்து அமுக்கிருவேன்."

நெட்டைக்குச் சிரிப்பு பீறிட்டது. விசிலுக்கும்கூட வந்து, பாதியில் நின்றுவிட்டது.

"ஏன் டீச்சர் இப்பப் போய்ச் சொல்றீங்க? சொல்லாமலே இருந்திருக்கலாமே."

"இன்னைக்குக் கேக்காதது நல்லதாப் போச்சு. அதுக்கப்புறம் கால்மணிகூட ஆகல, இவன் விரல்." அவள் காதிலிருந்ததை உருவி, தோளிலிருந்து கம்பியை இறக்கி, சுருட்டி அவரிடம் நீட்டினாள். "படியில நிக்கிறவளுக்கு ரெண்டு பக்கமும் வேணும் சார்."

விசில் வாக்கியை வாங்கிக்கொண்டார். "ஒழுங்கா ஒரு டாக்டரைப் பாருங்க. பாத்துட்டு வாங்க, பேசுவோம்" என்றார். என்ன பேசுவோம் என்று சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

ஊழியர்கள் போகும் மேட்டு வழியில் அவள் போகவில்லை. முழங்கால் ஏற்றத்துக்கு ஒத்துழைக்காது என்று, மைதானத்தைச் சுற்றிப் பொதுவாசல் பக்கமாக நடந்தாள். பாதி வழியில் நின்று மேடையைப் பார்த்தாள். யார் தடுக்கப் போகிறார்கள் இனி? பாடகன் கட்டைவிரல் அளவில் வெளிச்சத்தில் துள்ளிக்கொண்டிருந்தான். இந்த முகத்துக்காகவா இத்தனை பேர் நசுங்கினார்கள் என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் கண் தானாகக் கூட்டத்துக்குத் திரும்பிவிட்டது. இங்கிருந்து எல்லாம் முதுகும் பின்னந்தலையும்தான். அவற்றில் ஒன்றையும் அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. தூரத்தில், முதல் வரிசையில், ஒரு தொப்பி எகிறி எகிறி இறங்குவது மட்டும் தெரிந்தது.

வாசலில் கணவர் ஸ்கூட்டரை நிறுத்தி வைத்திருந்தார். யாரோ சொல்லி அதற்குள் செய்தி வந்திருக்க வேண்டும். அவள் வலப்பக்கமாக வந்து, பையை வாங்கிக்கொண்டு, ஏதோ பேசிக்கொண்டே கூட நடந்தார். வழக்கமாக அவள், "ம்" என்பாள். அன்றும் அதற்குத்தான் வாயெடுத்தாள்.

பிறகு நின்று, அவர் கையைப் பிடித்துத் தன் இடப்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க" என்றாள்.